வாலாஜா – அத்தியாயம் 9: கோட்டைக்குள் ஒரு ரகசிய ஒப்பந்தம்

1752 பிப்ரவரி. வண்டலூரில் அரண் போட்டு உட்கார்ந்திருந்த ரஜா சாகிபின் படை திடீரென்று கலைந்துவிட்டது. அதை வளைத்துப் பிடிக்க மதராஸிலிருந்து கிளம்பிய ராபர்ட் கிளைவுக்குப் பாதி வழியில்தான் செய்தி கிடைத்தது. முகாம் காலி. ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தகவல் வந்தது: பிரிந்து போனவர்கள் எல்லோரும் காஞ்சிபுரத்தில் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

கிளைவ் இரவோடு இரவாகக் காஞ்சிக்கு ஓடினான். அங்கேயும் இல்லை. படை ஆற்காட்டை நோக்கி நகர்ந்துவிட்டது.

வண்டலூரிலிருந்து காஞ்சிக்குப் போக இன்று நமக்குள்ள வழி படப்பை, ஒரகடம், வாலாஜாபாத். மதராஸிலிருந்து காஞ்சிக்குப் போக பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். இந்த இரண்டு சாலைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இப்போது கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் எல்லாம் தயாராகின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் ஏரிக்கரைகள், அந்தப் பிப்ரவரியில் இரண்டு படைகளுக்கு நடுவே அகப்பட்டுக் கிடந்தன.

தை, மாசி என்றால் சம்பா அறுப்புக் காலம். களத்தில் நெல் குவிந்திருக்கும் நேரம் பார்த்துப் படை வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்? அந்தக் காலத்துப் படைக்குப் பின்னாலேயே மாட்டு மந்தையும் லம்பாடிகளின் தானிய மூட்டைகளும் கடைத்தெருவும் வரும். அவை தீர்ந்துபோனால் வழியிலுள்ள கிராமம்தான் படைக்குச் சோறு. காசு கொடுத்து வாங்குகிற தளபதி அபூர்வம். எதிரிக்குப் போகக்கூடாது என்பதற்காக மிச்சத்தைக் கொளுத்துகிற தளபதிகளே அதிகம். ரஜா சாகிபின் ஆட்கள் அதற்கு முன்பே பூந்தமல்லிச் சீமையில் புகுந்து பல கிராமங்களை எரித்தார்கள். பரங்கிமலை அடிவாரத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டியிருந்த தோட்ட வீடுகளைக் கொள்ளையடித்தார்கள். வீடுகளின் கணக்கு ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. எரிந்த கிராமங்களுக்குப் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை.

இத்தனையும் எதற்காக? இங்கிருந்து 300 கிலோமீட்டர் தெற்கே, திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒரு மனிதன் அடைபட்டுக் கிடந்தான். அவனை வெளியே இழுத்துக் கொல்ல வேண்டும் என்று ரஜா சாகிபின் தகப்பன் காத்திருந்தான். அந்த முற்றுகையைக் குலைக்க வேண்டும் என்றே கிளைவ் வடக்கே கலகம் மூட்டியிருந்தான். ஒரகடம் கூட்டுரோட்டுப் பெயர்ப்பலகையில் இருக்கும் வாலாஜாபாத் என்ற ஊர், அடைபட்டுக் கிடந்த அந்த மனிதனின் பட்டத்தைத் தாங்கியது. ஆனால் 1752இல் அவனுக்கு அந்தப் பட்டம் இல்லை. பணம் இல்லை. கையில் ஒரு கோட்டையைத் தவிர ராஜ்ஜியமும் இல்லை.

*

புதிதாகத் தொடருக்கு வந்தவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடின. ஒன்று நவாயத்துகளின் குடும்பம். சாதத்துல்லா கான் 1710இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஆண்டான். அவனுக்குப் பின் தோஸ்து அலி. 1740இல் மராட்டியர் படையெடுப்பில் தாமலச்செருவுக் கணவாயில் தோஸ்து அலி கொல்லப்பட்டான். அவன் மகன் சப்தர் அலியை 1742இல் வேலூரில் சொந்த மைத்துனனே கொன்றான். சப்தர் அலியின் சிறு வயது மகன் 1744இல் ஒரு கல்யாண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். நான்கு வருடத்தில் மூன்று தலைமுறை போய்விட்டது. மிச்சமிருந்தவர்களில் துணிச்சலும் செல்வாக்கும் உள்ள ஒரே ஆள் தோஸ்து அலியின் மருமகன் சந்தா சாகிப். அவனோ 1741இல் திருச்சியில் மராட்டியரிடம் பிடிபட்டுச் சாத்தாராவில் கைதியாக இருந்தான்.

இரண்டாவது குடும்பம் வடக்கே கோபாமாவிலிருந்து வந்தது. ஐதராபாத் நிஜாம், கொல்லப்பட்ட அந்தச் சிறுவனுக்குக் காப்பாளராக அன்வருதீனை நியமித்திருந்தார். சிறுவன் செத்த பிறகு அன்வருதீனே நவாப் ஆனார். அவர் மகன்தான் நம் கதாநாயகன் முகமது அலி.

1748இல் நிஜாம் இறந்தார். அவர் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் சண்டை மூண்டது. விடுதலையாகி வந்த சந்தா சாகிப் பேரன் பக்கம் சேர்ந்தான். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளே இருவருக்கும் பிரெஞ்சுப் படையைக் கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ப் போரில் யானை மேலிருந்த கிழவர் அன்வருதீன் சுடப்பட்டு விழுந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டான். முகமது அலி தப்பித்துத் திருச்சிக்கு ஓடினான். அடுத்த பதினெட்டு மாதத்துக்குள் நாசிர் ஜங், முசாபர் ஜங் இருவருமே தங்களோடு படையில் இருந்த பட்டாணிய நவாபுகளின் கையால் செத்தார்கள்.

ஐதராபாத்தில் போட்டி போட்ட மகனும் இல்லை, பேரனும் இல்லை. கர்நாடகத்தில் மட்டும் இருவர் மிஞ்சினார்கள். ஆற்காடு சந்தா சாகிபிடம், திருச்சி முகமது அலியிடம். இந்த இருவரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

*

1751 மத்தியில் சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டான். இந்த ஊர் அவனுக்குப் பழக்கமானது. பதினைந்து வருடத்துக்கு முன் மதுரை நாயக்க வம்சத்து ராணி மீனாட்சியிடம் குரான் மேல் சத்தியம் செய்துகொடுத்து உள்ளே நுழைந்தவன் அவன். பிறகு சத்தியத்தை மீறிக் கோட்டையையே எடுத்துக்கொண்டான். ராணி விஷம் குடித்து இறந்தாள். குரானுக்குப் பதில் பட்டுத்துணியில் ஒரு செங்கல்லைச் சுற்றி வைத்துத்தான் சத்தியம் செய்தான் என்று ஒரு கதை ஊரில் உண்டு. செங்கல்லோ குரானோ, அந்தப் பெண் அவன் வாக்கை நம்பினாள் என்பது நிச்சயம். திருச்சிக் கோட்டையில் உடைந்த முதல் சத்தியம் அது. இந்த அத்தியாயம் முடிவதற்குள் இன்னும் இரண்டைப் பார்ப்போம்.

உள்ளே முகமது அலியின் நிலைமை மோசம். சம்பளம் கிடைக்காத படை கலைந்துகொண்டிருந்தது. உதவிக்கு வந்த ஆங்கிலேயப் படை வலிகொண்டபுரத்தில் தோற்று ஓடி வந்து கோட்டைக்குள் ஒடுங்கிக்கொண்டது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மட்டும் தன் சீமையிலிருந்து தானியம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வழியும் அடைபட்டால் கதை முடிந்தது.

முகமது அலியை வரலாறு பெரும்பாலும் வெள்ளைக்காரன் கைப்பாவை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. பிற்கால முகமது அலிக்கு அது பொருந்தலாம். 1751இன் முகமது அலிக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். கோட்டையை விட்டு ஒரு அடி நகராமல் அவன் நான்கு திசைகளிலும் காய் நகர்த்தினான். தூப்ளேயிடம் சமாதானம் பேசுவதுபோல் பேசி மாதக்கணக்கில் காலம் கடத்தினான். அந்த அவகாசத்தில் ஆங்கிலேயரிடம் வரி வசூல் உரிமைகளை எழுதிக்கொடுத்துப் படை வாங்கினான். தஞ்சாவூர் ராஜா பிரதாபசிம்மனுக்குத் தூது மேல் தூது அனுப்பினான். ஆற்காட்டைத் தாக்கினால் சந்தா சாகிப் திருச்சியிலிருந்து படையைப் பிரிக்க வேண்டி வரும் என்ற யோசனையே முதலில் முகமது அலியிடமிருந்துதான் வந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் புகழ் முழுவதையும் கிளைவ் எடுத்துக்கொண்டான்.

கிளைவ் மதராஸை விட்டுக் கிளம்பியது அன்றைய ஆங்கிலேய நாட்காட்டிப்படி 1751 ஆகஸ்ட் 26. இருநூறு வெள்ளைச் சிப்பாய்கள், முந்நூறு நாட்டுச் சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள். காஞ்சிபுரம் வழியாக, இடியும் மழையுமாக இருந்த வானிலையைப் பொருட்படுத்தாமல் நடந்து ஆற்காட்டை அடைந்தான். அங்கிருந்த காவல்படை சண்டை போடாமலே ஓடியது. எதிர்பார்த்தபடியே சந்தா சாகிப் நாலாயிரம் பேரைத் திருச்சியிலிருந்து பிரித்து மகன் ரஜா சாகிபிடம் அனுப்பினான். ஐம்பது நாள் முற்றுகை. அதில் சோற்றை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியை மட்டும் குடித்த சிப்பாய்களின் கதையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நவம்பரில் ரஜா சாகிப் நடத்திய கடைசித் தாக்குதலும் தோற்றது.

அதற்குப் பிறகுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த ஓட்டப்பந்தயம். வண்டலூரில் தொடங்கிய அது காவேரிப்பாக்கத்தில் முடிந்தது. சாலையோர மாந்தோப்பில் பிரெஞ்சு பீரங்கிகளை மறைத்து வைத்து ரஜா சாகிப் காத்திருந்தான். இருட்டும் நேரத்தில் கிளைவ் நேராக அந்தப் பொறிக்குள் போய் விழுந்தான். சில மணி நேரம் சண்டை கையை விட்டுப் போவதுபோலத்தான் இருந்தது. நிலவொளியில் ஒரு சிறு படையைச் சுற்றி அனுப்பித் தோப்பின் பின்புறத்தைப் பார்த்தால் அங்கே காவலே இல்லை. பீரங்கிகள் பிடிபட்டன. வடக்கே சந்தா சாகிபின் கை முறிந்தது.

ஆனால் திருச்சி முற்றுகை விலகவில்லை. அதை விலக்கியது வேறொரு படை. அது எங்கிருந்து வந்தது, யார் அழைத்தார்கள் என்று ஆங்கிலேயருக்குத் தெரியும். என்ன விலை பேசி அழைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

*

1752இன் தொடக்கத்தில் மேற்கிலிருந்து மைசூர்ப் படை வந்தது. மைசூரில் ராஜா பெயருக்குத்தான். அதிகாரம் முழுவதும் தளவாய் தேவராஜன், அவன் தம்பி நஞ்சராஜன் கையில். நஞ்சராஜனே நேரில் வந்தான். பல ஆயிரம் குதிரை, காலாட்கள். கூடவே மைசூர்க் காசில் அமர்த்திய முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை. மைசூர் வந்ததைப் பார்த்துத் தஞ்சாவூரும் துணிந்தது. தளபதி மானாஜி தலைமையில் ஒரு படை வந்து சேர்ந்தது.

மைசூருக்கு இதில் என்ன அக்கறை? ஆற்காட்டில் யார் நவாபாக இருந்தால் நஞ்சராஜனுக்கு என்ன?

முகமது அலி அவனுக்கு ரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். சந்தா சாகிபை ஒழிக்க உதவினால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமை முழுவதும், கன்னியாகுமரி வரை, மைசூருக்கு. எந்தக் கோட்டைக்காக இரண்டு வருடமாகப் போர் நடக்கிறதோ, அதையே காப்பாற்றக் கூலியாக எழுதிக்கொடுத்துவிட்டான். மதராஸ் கவர்னருக்குத் தெரியாது. கோட்டைக்குள் அவனோடு பட்டினி கிடந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் தெரியாது.

பெரும்படை சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. பிரெஞ்சுத் தளபதி லா பயந்துபோய் ஏப்ரலில் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். சந்தா சாகிப் அதை எதிர்த்தான் என்கிறார்கள். கேட்பாரில்லை. திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமும் பிரெஞ்சுப் பாசறைகளாயின. ஆங்கிலேயத் தளபதி மேஜர் லாரன்ஸ் தெற்கிலிருந்தும், கிளைவ் வடகரையில் சமயபுரத்திலிருந்தும் நெருக்கினார்கள். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த டாட்டேல் வலிகொண்டபுரத்தில் சரணடைந்தார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

*

ஜூன் மாதம். தீவில் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. சந்தா சாகிபின் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து எதிரி முகாம் வழியாகவே ஊருக்குப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சரணடைந்தால் உயிராபத்து இல்லை. போர்க் கைதிகளாக இருப்பார்கள். சந்தா சாகிபுக்கு அந்த வசதி கிடையாது. முகமது அலியிடம் அகப்பட்டால் மரணம். நஞ்சராஜனோ முராரி ராவோ பிடித்தால் ஏலத்துக்கு வைப்பார்கள்.

ஒரு வழிதான் இருந்தது. தஞ்சாவூர்த் தளபதி மானாஜியிடம் பேசினார் லா. பெருந்தொகை கைமாறப் பேச்சானது. சந்தா சாகிபைப் பத்திரமாகப் பிரெஞ்சு எல்லைக்கு அனுப்பிவைப்பதாக மானாஜி தன் வாள் மேலும் குத்துவாள் மேலும் சத்தியம் செய்தான். ஒரு போர்வீரனுக்கு அதற்கு மேல் சத்தியம் இல்லை. பல்லக்கும் குதிரை வீரர்களும் தயாராக இருப்பதைக் காட்டி நம்பிக்கை கொடுத்தார்கள்.

இரவில் சந்தா சாகிப் தஞ்சாவூர் முகாமுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததுமே விலங்கு மாட்டினார்கள்.

மறுநாள் கூட்டாளிகள் கூடிப் பேசினார்கள். கைதி தனக்கே வேண்டும் என்றான் நஞ்சராஜன். முராரி ராவும் கேட்டான். முகமது அலி கேட்டான். ஆங்கிலேயர் கோட்டை ஒன்றில் வைத்துக்கொள்கிறோம் என்றார் லாரன்ஸ், யாரும் சம்மதிக்கவில்லை. அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் மற்ற மூவரும் பகையாவார்கள் என்று மானாஜி கணக்குப் போட்டான். யாருக்கும் கொடுக்காமல் தலையை வெட்டச் சொன்னான்.

திருச்சியில் உடைந்த இரண்டாவது சத்தியம் இது. ராணி மீனாட்சிக்கு நேர்ந்ததற்கு இது தண்டனை என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். என்னால் அப்படிச் சமாதானம் அடைய முடியவில்லை. நம்பி வந்த கைதியைக் கொல்வதை எந்தப் பழைய பாவமும் நியாயமாக்காது. லாரன்ஸ் உறுதியாக நின்றிருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கும். அன்று அந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய பலம் ஆங்கிலப் படைதான். அவர் விலகிக்கொண்டார்.

வெட்டிய தலை முகமது அலிக்கு வந்தது. எதிரியின் முகத்தை அவன் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான் என்று எழுதுகிறார் கம்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அரசவையில் காட்டிவிட்டு, ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, கோட்டை மதிலைச் சுற்றி ஐந்து முறை ஊர்வலம் விட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் தகப்பனை இழந்த மகன் அவன் என்று நினைத்துப் பார்த்தாலும் அந்த ஊர்வலம் மனதுக்கு ஒப்பவில்லை. சந்தா சாகிபின் உடல் திருச்சி நத்தர் வலி தர்காவில் அடக்கமானது. நாற்பத்து மூன்று வருடம் கழித்து இறந்த முகமது அலிக்கும் அடக்கம் அதே தர்காவில்தான்.

*

போட்டியாளன் போய்விட்டான். பிரெஞ்சுப் படை சரணடைந்துவிட்டது. இனி வடக்கே போய் ஆற்காட்டுச் சீமையையும் செஞ்சியையும் மீட்க வேண்டியதுதான். லாரன்ஸ் புறப்பாட்டுக்கு நாள் குறித்தார். மைசூர்ப் படை அசையவில்லை.

ஏன் என்று விசாரித்தார்கள். பேசியபடி முதலில் கோட்டையைக் கொடுங்கள், பிறகு வருகிறோம் என்றது மைசூர்.

எந்தப் பேச்சு? ஆங்கிலேய அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். கோட்டைக் காவலுக்குப் பொறுப்பான கேப்டன் டால்டன் நவாபிடம் போய்க் கேட்டார். முகமது அலி மறைக்கவில்லை. ஆமாம், எழுதிக்கொடுத்தேன். அன்றைய நெருக்கடி அப்படி. கொடுக்கும் எண்ணம் மட்டும் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. கோட்டை டில்லி பாதுஷாவுடையது. அவருடைய பிரதிநிதி நான். என்னுடையது அல்லாததை எப்படிக் கொடுப்பது? நஞ்சராஜனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டுமே? இதுதான் அவன் வாதத்தின் சாரம்.

சட்டப்படி அந்த வாதத்தில் உயிர் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடும்போது இந்தச் சட்டம் அவனுக்குத் தெரியாதா? பொக்கிஷத்தைக் காலி செய்து, மாதக்கணக்கில் முராரி ராவுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்து வந்து நிற்கிறவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

முகமது அலி இரண்டு மாதத் தவணை கேட்டான். குடும்பத்தை வேறு கோட்டைக்கு மாற்றியதும் திருச்சியை ஒப்படைப்பதாகச் சொன்னான். நம்பிக்கைக்கு அடையாளமாக ஸ்ரீரங்கம் தீவின் வருமானத்தை விட்டுக்கொடுத்தான். எழுநூறு மைசூர் வீரர்களைக் கோட்டைக்குள் இருக்கவும் அனுமதித்தான். நஞ்சராஜன் ஏற்றுக்கொண்டதுபோல் தலையாட்டினான். நடுவராக வந்த முராரி ராவ் இரு பக்கமும் தனித்தனியே பேசினான். அந்தக் கோட்டை கடைசியில் தனக்கே வராதா என்ற நப்பாசை அவனுக்கும் இருந்தது.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, மைசூர் முகாமில் ஒருவனை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

நஞ்சராஜன் படையில் முப்பது வயதைத் தொட்ட ஒரு குதிரைப்படைத் தலைவன். எழுதப் படிக்கத் தெரியாதவன். பார்த்ததை மறக்காதவன். 1750இல் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்ட இரவில் நிஜாமின் பொக்கிஷத்தில் ஒரு பங்கை அடித்துக்கொண்டு போய்த் தனக்கென்று ஆட்களைச் சேர்த்தவன். பிரெஞ்சுக்காரர்கள் வரிசையாக நின்று சுடுவதைக் கிட்டத்தில் நின்று கவனித்தவன். அவன் பெயர் ஹைதர் அலி. தன் எஜமானுக்குக் கொடுத்த வாக்கை ஆற்காட்டு நவாப் எப்படிக் கைகழுவினான் என்பதை அவன் திருச்சியில்தான் பார்த்தான்.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 1780 ஜூலையில், மைசூரின் அதிபதியாகக் கணவாய் இறங்கி வரப்போகிறவன் இவன். செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படையை அவனும் மகன் திப்புவும் அழிப்பார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே போர் பார்த்த மண் அது. சில மைல் தொலைவில் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்ரோ கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குத் திரும்பி ஓடுவார். மதராஸுக்கும் காஞ்சிக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத், ஒரகடம் சுற்றுவட்டாரம் அதற்குள் கம்பெனிக்குச் சொந்தமான ஜாகீர் ஆகியிருக்கும். முகமது அலி போர்ச் செலவுக்கு ஈடாக 1763இல் எழுதிக்கொடுக்கப்போகும் சீமை அது. பர்னார்டு என்ற அதிகாரி 1767 முதல் ஏழு வருடம் சங்கிலி பிடித்து அளக்கப்போகும் சுமார் இரண்டாயிரம் கிராமங்கள். எந்த ஏரி எத்தனை காணிக்குப் பாய்ந்தது, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் விளைச்சலில் எவ்வளவு பங்கு என்பதுவரை ஓலையில் கணக்கு உண்டு. ஹைதரின் குதிரைகள் போன பிறகு அந்த ஊர்களில் பல ஆளில்லாமல் கிடக்கும்.

திருச்சியில் மீறிய வாக்குக்கும் அந்தப் பாழுக்கும் நடுவே வேறு காரணங்களும் நிறைய உண்டு; ஒவ்வொன்றாக வரத்தான் போகின்றன. ஆனாலும் மைசூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே பகையின் முதல் விதை விழுந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், 1752இல் அந்த இரண்டு மாதத் தவணை கேட்ட நாளைத்தான் சொல்வேன்.

*

லாரன்ஸ் வடக்கே போய்விட்டார். கோட்டையில் டால்டனிடம் மிஞ்சியது சிறு காவல்படை. கோட்டைக்கு உள்ளே எழுநூறு மைசூர் வீரர்கள். வெளியே நஞ்சராஜனின் மொத்தப் படை.

தவணை நாள் நெருங்கியது. முகமது அலியின் குடும்பம் எங்கும் மாறவில்லை. அதற்கான ஏற்பாடுகூட நடக்கவில்லை. நஞ்சராஜன் இனிக் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்தான். கோட்டைக்குள் பணம் பாய ஆரம்பித்தது. யார் எந்த வாசலைக் காக்கிறார்கள், எந்தச் சிப்பாய்க்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்றெல்லாம் மைசூர் ஆட்கள் விசாரித்தார்கள். டால்டனைத் தீர்த்துக்கட்டினால் மற்றவர்கள் தாமே வழிக்கு வருவார்கள் என்ற பேச்சும் எழுந்தது.

கோட்டைக்குள் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன் கிளெமென்ட் போவேரியோ. இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர்க்காரன். பிழைக்க வந்த இடத்தில் துப்பாக்கி தூக்கியவன். மைசூர் முகாமில் அவனுக்குப் பழக்கமானவர்கள் நிறையப் பேர். சொந்த வேலையாக அங்கே போய் வருவான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்படிப் போன ஒரு நாள் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். கேட்டது ஒன்றுதான். குறித்த நேரத்தில் வாசலைத் திறந்துவிட வேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன தொகை, ஆயுள் முழுவதும் போர் செய்தாலும் ஒரு கூலிப்படைத் தலைவன் சேர்க்க முடியாதது.

போவேரியோ மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குத் திரும்பினான். உள்ளே மூன்று பேருக்கு அந்தச் செய்தி விலை மதிப்பில்லாதது: மைசூர் வீரர்களின் தலைவன், நவாப் முகமது அலி, கேப்டன் டால்டன். மூவரில் யாரிடம் முதலில் பேசுகிறானோ அவர் கையில்தான் இனித் திருச்சி.

வாசல் காவலனுக்கு வழக்கம்போலத் தலையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தவன், தன் விடுதிப் பக்கம் திரும்பவில்லை.

(தொடரும்)